ஜெயிக்கிற குதிரைக்கும் விலை உண்டு!

குதிரை ரேஸ் என்றதும் நம் வீடுகளில் இரண்டே விதமான கதைகள்தான் வரும். ஒன்று, ஜாக்பாட் அடித்து காரில் வந்து இறங்கியவர் கதை. இன்னொன்று, வீட்டை விற்றுத் தெருவுக்கு வந்தவர் கதை. நான் சொல்லப்போவது இந்த இரண்டும் இல்லை. முப்பது வருடம் கிண்டிக்குப் போய் வந்தும் காரும் வாங்காமல், வீட்டையும் விற்காமல், கறுப்பு அட்டை போட்ட நோட்டுகளை மட்டும் சேர்த்துவைத்த என் பெரியப்பாவைப் பற்றி. குறிப்பாக, அவர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றி.

ஒத்திகை ஓட்டத்தில் ஒரு குதிரை ஜெயித்துவிட்டால், "நிஜப் பந்தயத்திலும் இது ஜெயிக்குமா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பெரியப்பா, "ஒத்திகையில் ஜெயித்ததற்காக இதற்கு இந்த விலை கொடுக்கலாமா?" என்று கேட்பார். இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் சேமிப்பே காணாமல் போகும் அளவுக்கு இடம் இருக்கிறது.

செம்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு

எங்கள் வீடு செம்பாக்கத்தில். இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. வேளச்சேரி - தாம்பரம் சாலையைக் கடக்கவே ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் இங்கே வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். மழை பெய்தால் ஏரிப்பக்கத்துத் தவளைச் சத்தம் படுக்கையறை வரை வரும்.

பெரியப்பா தாம்பரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். ரேஸ் நாளில் சைக்கிளை தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, அப்போது ஓடிய மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் கிண்டிக்குப் போவார். கிண்டி ஸ்டேஷனில் இறங்கினால் ரேஸ் கோர்ஸ் ரோடு. அந்தப் பக்கத்தில் இன்றும் 'ஃபைவ் ஃபர்லாங் ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. ஃபர்லாங் என்பது குதிரைப் பந்தயக்காரர்களின் அளவு, ஏறக்குறைய 200 மீட்டர். அந்த வழியாக தினமும் வேலைக்குப் போகிற பலருக்கு, தெருப் பெயரில் குதிரை ஓடுவது தெரியாது.

கிண்டி மைதானத்தின் சரித்திரம் 1777 வரை போகிறது என்பார்கள். நடுவில் பலமுறை நிற்கப் பார்த்தது. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்க ஒரு சட்டமே கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் இல்லை, முதன்மையாகத் திறமை சார்ந்த விளையாட்டு என்றது அந்தத் தீர்ப்பு.

மறுநாள் பெரியப்பா பேப்பரைப் பெரியம்மாவிடம் நீட்டி, "பாரு, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. இது திறமையாம்" என்றார்.

பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே, "அந்தத் திறமைக்கு அம்பது ரூபா போதும்" என்றாள்.

அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். போகும்போது சட்டைப்பையில் ஐம்பது ரூபாய். சினிமாவுக்குக் கொடுப்பது மாதிரி. திரும்பி வந்தால் சந்தோஷம், வராவிட்டால் படம் பார்த்த கணக்கு. அந்த ஐம்பது ரூபாய்க்காக அவர் ஒரு வாரம் நோட்டு எழுதுவார். எனக்கு அந்த நோட்டுதான் பிடிக்கும். அப்போது நான் பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியில் நடத்திய புள்ளியியலைவிட அந்த நோட்டில் புரிந்தது அதிகம்.

ஒத்திகை என்றால் என்ன?

பந்தயத்துக்குப் போகாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். சீசனையொட்டி 'மாக் ரேஸ்' என்று நடத்துவார்கள். ஒத்திகைப் பந்தயம். நிஜப் பந்தயம் போலவே குதிரைகள் கேட்டிலிருந்து புறப்படும். யார் முதல், யார் இரண்டாவது, எவ்வளவு நேரம் என்று குறித்து வெளியிடுவார்கள். ஆனால் பரிசுப் பணம் கிடையாது. யாரும் பணம் கட்டவும் முடியாது. வெளிநாடுகளில் இதையே 'பேரியர் டிரையல்' என்கிறார்கள்.

இது எதற்கு? இளம் குதிரைக்குக் கேட்டும் கூட்டமும் பழக வேண்டும். ஓய்வில் இருந்த குதிரைக்கு ஓட்டத் தெம்பு திரும்ப வேண்டும். பயிற்சியாளருக்குத் தன் குதிரை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். யாரையும் ஜெயிப்பது அதன் முதல் நோக்கம் இல்லை.

சிக்கலே அங்கேதான். பரிசு இல்லாத ஓட்டத்தில் யார் உயிரைக் கொடுத்து ஓடினார்கள், யார் காலாற ஓடினார்கள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு லேசில் தெரியாது. ஆனால் 'முதலிடம்' என்று அச்சில் வந்துவிட்டால் அது நிஜ வெற்றி போலவே நம் மனதில் உட்கார்ந்துவிடும்.

அண்ணாச்சியின் சீட்டுப் பணம்

1997-ஆம் வருடக் கடைசி. எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். பெரியப்பாவின் கிண்டி சகாக்களில் அவரும் ஒருவர். வந்தவர் திண்ணையில் உட்காரவே இல்லை.

"சார், நாளைக்கு ஒரு குதிரை முதமுதலா ஓடுது. மாக் ரேஸ்ல அஞ்சு லெங்த்ல ஜெயிச்சிருக்கு. ஊரே அதைத்தான் சொல்லுது. நூத்துக்கு நாப்பதுதான் ரேட்டு வருமாம். சீட்டு எடுத்த பணம் இருவதாயிரம் கையில இருக்கு. மொத்தத்தையும் வச்சிரலாமான்னு பாக்கேன்."

அந்தச் சீட்டுப் பணம் அவர் மகள் கல்யாணத்துக்கு நகை வாங்க எடுத்தது. அது தெருவுக்கே தெரியும்.

"உக்காருங்க அண்ணாச்சி. முதல்ல காபி சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பெரியப்பா நோட்டை எடுத்தார்.

நூற்றுக்கு நாற்பது என்றால் நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால் லாபம் நாற்பது ரூபாய். தோற்றால் நூறும் போச்சு. இதைத்தான் 'குறைந்த ரேட்' என்பார்கள். குதிரை ஜெயிப்பது அநேகமாக நிச்சயம் என்று எல்லோரும் நினைக்கும்போதுதான் இப்படி ரேட் இறங்கும்.

"இருவதாயிரம் வச்சு ஜெயிச்சா எட்டாயிரம் வரும். இன்னிக்கு விலைக்கு ரெண்டு பவுனுக்கு மேல வாங்கலாம். சரி. தோத்தா?"

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை.

"கிட்டத்தட்ட ஆறு பவுன் போயிடும். ரெண்டு பவுனுக்காக ஆறு பவுனை மேஜையில வைக்கிறோம். வைக்கலாம், தப்பில்ல. ஆனா இதே மாதிரி குதிரை பத்து ஓடினா எத்தனை ஜெயிக்கும்னு நினைக்கிறீங்க?"

"ஏழு ஜெயிக்கும் சார். கண்டிப்பா."

பெரியப்பா எழுதிக் காட்டினார். ஏழு முறை ஜெயித்தால் லாபம் 280 ரூபாய். மூன்று முறை தோற்றால் நஷ்டம் 300 ரூபாய். பத்தில் ஏழு ஜெயித்தும் இருபது ரூபாய் கைநஷ்டம். வரி தனி.

அண்ணாச்சி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் தினமும் கணக்குப் போடுகிறவர். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கு நாற்பது என்ற விலை சரியாக இருக்க வேண்டுமென்றால் அந்தக் குதிரை பத்துக்கு ஏழுக்கும் மேல், எட்டு முறையாவது ஜெயிக்கிற ஜாதியாக இருக்க வேண்டும். ஒரே ஒரு ஒத்திகை ஓட்டம் அவ்வளவு பெரிய வாக்குறுதியைக் கொடுக்குமா?

பெரியப்பாவின் ஐந்து கேள்விகள்

அன்று திண்ணையில் பெரியப்பா வரிசையாகக் கேட்டதை எல்லாம் நான் பிறகு அவர் நோட்டிலேயே எழுத்தாகப் பார்த்திருக்கிறேன்.

முதல் கேள்வி: யாரை ஜெயித்தது? கூட ஓடியவை என்னென்ன குதிரைகள்? அவற்றில் எத்தனை அதற்குப் பிறகு நிஜப் பந்தயத்தில் ஓடித் தம்மை நிரூபித்தன? பின்னால் வந்தவை எல்லாமே இன்னும் எதையும் ஜெயிக்காதவை என்றால், முன்னால் வந்ததன் மதிப்பு யாருக்கும் தெரியாது. வகுப்பில் முதல் மாணவன் என்பது சரி. எந்த வகுப்பு?

இரண்டாவது: எப்படி ஜெயித்தது? ஜாக்கி லகானை இழுத்துப் பிடித்திருந்தும் குதிரை தானாக முன்னால் போனதா, அல்லது சாட்டையைக் காட்டித் தள்ளி ஓட்ட வேண்டியிருந்ததா? ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் காலைப் பயிற்சி ஓட்டங்களைப் பற்றி ஒரே வரியில் குறிப்பு வரும். எந்தத் தடம், எத்தனை மீட்டர், எத்தனை விநாடி, 'சிரமமில்லாமல் ஓடியது' அல்லது 'தள்ளி ஓட்டப்பட்டது'. பெரியப்பா நேரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பார்ப்பார். தள்ளி ஓட்டி வந்த நல்ல நேரத்தைவிட, தள்ளாமல் வந்த சுமாரான நேரம் மேல் என்பது அவர் கட்சி.

மூன்றாவது: எவ்வளவு சுமை, எவ்வளவு தூரம்? அண்ணாச்சி சொன்ன ஒத்திகை 1000 மீட்டர். நிஜப் பந்தயம் 1200 மீட்டர். "இருநூறு மீட்டர்தானே சார்" என்றார் அவர். அந்தக் கடைசி இருநூறு மீட்டரில்தான் குதிரைகளின் குணம் தெரியும் என்றார் பெரியப்பா. அதோடு, ஒத்திகையில் எடை குறைவான பையன் ஏறியிருக்கலாம். பந்தயத்தில் எடை விதிப்படி ஏறும். ஒரு கிலோ கூடினால் ஏறக்குறைய ஒரு லெங்த் குறையும் என்பது அவர் வட்டாரத்தின் தோராயக் கணக்கு. லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், சுமார் 2.4 மீட்டர். 'ஐந்து லெங்த்' என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது. மொத்தமே 12 மீட்டர். ஓடுகிற குதிரைக்கு அது முக்கால் விநாடி. எடையும் தூரமும் சேர்ந்து அந்த முக்கால் விநாடியைத் தின்றுவிட முடியும்.

நான்காவது: அன்று வராதவர்கள் யார்? நிஜப் பந்தயத்தில் கூட ஓடப்போகும் குதிரைகளில் எத்தனை அந்த ஒத்திகையில் இருந்தன? இல்லாதவற்றைப் பற்றி அந்த ஒத்திகை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நாம்தான் சொன்னதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஐந்தாவதுதான் அவர் ஓங்கிச் சொல்வது: இது யாருக்கெல்லாம் தெரியும்? "அஞ்சு லெங்த்ல ஜெயிச்சது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா அது தகவல், அண்ணாச்சி. ஊருக்கே தெரிஞ்சா அது விலை. அந்த வெற்றிக்கு உரிய மரியாதையை ஏற்கெனவே ரேட்டுல குறைச்சுட்டாங்க. நீங்க அதுக்கு மறுபடியும் ஒருதரம் காசு கொடுக்கப் போறீங்க."

புக்கி எப்படிப் பிழைக்கிறார் என்றும் ஒரு கணக்குப் போட்டார். நான்கு குதிரை ஓடும் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு நூற்றுக்கு நாற்பது. மற்றவற்றுக்கு நூற்றுக்கு நானூறு, அறுநூறு, ஆயிரம். இந்த ரேட்டுகள் ஒவ்வொன்றும் 'இந்தக் குதிரை நூறில் இத்தனை முறை ஜெயிக்கும்' என்று சொல்வதற்குச் சமம். 71, 20, 14, 9. கூட்டினால் நூறு வர வேண்டும். 114 வருகிறது. அந்த அதிகப்படியான பதினாலுதான் புக்கியின் சாப்பாடு. எந்தக் குதிரையாக இருந்தாலும் உண்மை மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் விலைக்குத்தான் நமக்கு விற்கிறார்கள். மளிகைக்கடைக்காரருக்கு இது புரியாமல் இருக்குமா?

பெரியப்பாவின் வழக்கம் ஒன்று உண்டு. ரேஸுக்கு முதல் நாள் ராத்திரியே ஒவ்வொரு குதிரைக்கும் தன் விலையை நோட்டில் எழுதிவிடுவார். மறுநாள் புக்கியின் பலகையைப் பிறகுதான் பார்ப்பார். "பலகையைப் பாத்துட்டு யோசிச்சா, நம்ம மூளை பலகைக்குச் சாதகமாத்தான் யோசிக்கும்" என்பார். அந்தக் குதிரைக்கு அவர் எழுதியிருந்த விலை, நூற்றுக்கு எழுபது. அதாவது பத்துக்கு ஆறு முறைக்குக் கொஞ்சம் குறைவாக ஜெயிக்கும். நல்ல குதிரைதான். நாற்பதுக்கு வாங்கும் அளவுக்கு இல்லை.

பெரிய குதிரைகளின் கதை

பெரியப்பா சொல்லிக் கேட்டதையும், நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். உலகத்தின் பெரிய பந்தயங்களுக்கு முன்னால் நடக்கும் முன்னோட்டப் பந்தயங்கள் பரிசுக்காகவே நடப்பவை. மாக் ரேஸைவிட நம்பகமானவை. அங்கேயும் இந்தக் கேள்வி தீர்ந்தபாடில்லை.

அமெரிக்காவில் 1953-ல் நேட்டிவ் டான்சர் என்று ஒரு சாம்பல் நிறக் குதிரை. தோல்வியே தெரியாதது. கென்டக்கி டெர்பிக்கு முன்னோட்டமான வுட் மெமோரியலையும் ஜெயித்தது. டெர்பியில் அதற்கு ரேட் நூற்றுக்கு எழுபது. ஒரு தலை வித்தியாசத்தில் டார்க் ஸ்டார் என்ற குதிரையிடம் தோற்றது. நேட்டிவ் டான்சர் வாழ்நாளில் ஓடியது 22 பந்தயம், ஜெயித்தது 21. தோற்ற ஒன்று அந்த டெர்பிதான்.

இருபது வருடம் கழித்து, 1973-ல், அதே வுட் மெமோரியலில் செக்ரடேரியட் மூன்றாவதாகத்தான் வந்தது. அதன் வாயில் ஒரு கட்டி இருந்தது பிறகு தெரிந்தது. அங்கே ஜெயித்தது அதே பயிற்சியாளரின் இன்னொரு குதிரை, ஏங்கிள் லைட். இரண்டு வாரம் கழித்து டெர்பி. முன்னோட்டத்தில் தோற்ற செக்ரடேரியட், ஒரு நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடி சொச்சத்தில் ஓடி ஜெயித்தது. அந்த நேரத்தை அந்தப் பந்தயத்தில் இன்னும் எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. முன்னோட்டத்தில் ஜெயித்த ஏங்கிள் லைட் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் வந்தது.

அப்படியானால் ஒத்திகையில் ஜெயித்ததை நம்பவே கூடாதா? அதுவும் தப்பு. இங்கிலாந்தில் 1981-ல் ஷெர்கார். டெர்பிக்கு முன் சான்டவுனில் ஒரு முன்னோட்டத்தில் பத்து லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்து செஸ்டரில் பன்னிரண்டு லெங்த். இரண்டு வேறு மைதானம், இரண்டு வேறு கூட்டம், இரண்டிலும் பின்னால் யாரும் கண்ணில் படவில்லை. டெர்பியில் ரேட் நூற்றுக்குத் தொண்ணூறு சொச்சம். பத்து லெங்த்தில் ஜெயித்தது. அந்த டெர்பியின் சரித்திரத்தில் அவ்வளவு பெரிய வித்தியாசம் வேறு எந்தக் குதிரைக்கும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்படி இரண்டு முறை பரிசுக்கு ஓடி நிரூபித்த ஷெர்காருக்கே நூற்றுக்குத் தொண்ணூறு கொடுத்தார்கள். பரிசில்லாத ஒரே ஒத்திகையில் ஜெயித்த நம் குதிரைக்கு நூற்றுக்கு நாற்பது. விலை ஏறியது குதிரையின் காலால் இல்லை, ஊரின் வாயால்.

ஜெயித்தது!

அண்ணாச்சி அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். மறுநாள் கிண்டிக்குப் போனார். பெரியப்பாவும் போனார். சீட்டுப் பணம் பெட்டியிலேயே இருக்க, அண்ணாச்சி கடைக் கல்லாவிலிருந்து ஐந்நூறு ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ரேட் அவர் சொன்ன மாதிரியே நூற்றுக்கு நாற்பது.

குதிரை ஜெயித்தது.

ஐந்து லெங்த் இல்லை. கடைசி இருநூறு மீட்டரில் இன்னொரு குதிரை பக்கத்தில் வந்துவிட, ஜாக்கி சாட்டையை எடுத்து, அரை லெங்த்தில் தப்பித்தது. ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். அண்ணாச்சிக்கு லாபம் இருநூறு ரூபாய்.

ரயிலில் வரும்போது பல்லாவரம் தாண்டும் வரை அண்ணாச்சி பேசவே இல்லையாம். பிறகு, "உங்க பேச்சைக் கேட்டு ஏழாயிரத்து எண்ணூறு போச்சு சார்" என்றாராம்.

பெரியப்பா வாதாடவில்லை. "அரை லெங்த்தை யோசிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று ராத்திரி அவர் நோட்டில் எழுதியதை நான் பார்த்தேன். ஒரே வரி: 'ஜெயித்தது. விலை சரியில்லை.'

எனக்குக் கோபமாகக்கூட வந்தது. ஜெயித்த பிறகு விலை சரியில்லை என்று எழுதுவது வீம்பு மாதிரி பட்டது. "பெரியப்பா, அதான் ஜெயிச்சிடுச்சே. அப்புறம் என்ன?" என்று கேட்டேன்.

"குடை எடுத்துட்டுப் போறோம், மழை வரலை. குடை எடுத்தது தப்பாம்மா?" என்றார். "இந்தப் பக்கம் ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டைக் குறுக்கே கடந்து பத்திரமா அந்தப் பக்கம் போயிட்டான். அதனால கண்ணை மூடிக்கிட்டுக் கடக்கிறது சரின்னு ஆயிடுமா? முடிவு நமக்கு ஒருதரம்தான் தெரியும். முடிவெடுக்கிறது ஆயுசு பூரா செய்யணும்."

அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத நினைத்தேன். தோற்றுப் பாடம் கற்றவர்கள் நிறையப் பேர். ஜெயித்ததையும் சந்தேகமாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. தப்பான விலைக்கு வாங்கி ஒருமுறை ஜெயித்தவர்தான் அடுத்த முறை வீட்டுப் பத்திரத்தோடு வருகிறார்.

அண்ணாச்சி மகள் கல்யாணம் அடுத்த தை மாதம் நடந்தது. பந்தியில் பெரியப்பாவைக் காட்டி, "இவராலதான் எம் பொண்ணுக்கு ரெண்டு பவுன் குறைஞ்சு போச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார் அண்ணாச்சி. பெரியப்பா இலையில் இருந்து தலையை எடுக்காமல், "மிச்ச பவுன் எல்லாம் கழுத்துல இருக்கில்ல?" என்றார்.

கையில் இருக்கும் மைதானம்

பெரியப்பா இப்போது இல்லை. கிண்டியும் பழைய கிண்டி இல்லை. 2024 செப்டம்பர் 9 அன்று குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கர் சொச்சம் இருந்த மைதானத்தை அரசு சீல் வைத்தது. மழைநீர் தேங்கக் குளங்கள், பசுமைப் பூங்கா என்று திட்டங்கள். வருடாவருடம் வேளச்சேரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் நியாயமும் தெரியும். அந்த மைதானத்தையே நம்பி வாழ்ந்த குதிரைக்காரர்களை நினைத்தால் வருத்தமும் வரும்.

ஆனால் பந்தயம் நின்றுவிட்டதா? மைதானம் போனது, போன் வந்தது. பயிற்சி ஆட்டத்தில் நன்றாக ஆடிய கிரிக்கெட் அணிக்கு ரேட் இறங்குவதும், 'இது நிச்சயம்' என்று யாரோ குரூப்பில் சொல்வதும், மாதச் சம்பளம் அதில் போவதும் இன்றும் நடக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச் சட்டமே கொண்டுவந்தது. சட்டம் ஒரு கதவைத்தான் மூடும். 'ஒத்திகையில் ஜெயித்தாச்சு, இனி நிச்சயம்' என்று துள்ளும் மனசுக்குக் கதவு நாம்தான் போட வேண்டும். கிண்டிக்குப் போகவாவது பெரியப்பா சைக்கிள் மிதித்து, ரயில் பிடித்து, கால் வலிக்க நடக்க வேண்டும். அத்தனை தூரமும் யோசிக்க நேரம் இருந்தது. கட்டை விரலுக்கு அந்தத் தூரம் இல்லை.

பந்தயமே கட்டாத வீடுகளிலும் இது நடக்கிறது. என் தம்பி மகள் 'நீட்' எழுதத் தயாராகிக்கொண்டிருந்தாள். பயிற்சி மையம் நடத்திய மாதிரித் தேர்வில் தொடர்ந்து முதலிடம். வீடே மிதந்தது. தம்பி ஒரு முடிவுக்கு வந்தான்: வேறு எந்தப் படிப்புக்கும் விண்ணப்பம் போட வேண்டாம், கவனம் சிதறும், மெடிக்கல் நிச்சயம்.

"பசங்க முன்னாடி ஆப்ஷன் வச்சா மனசு தளர்ந்துடும் அக்கா" என்றான்.

நான் பெரியப்பாவின் கேள்விகளைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன். அந்த மையத்தில் அவளோடு எழுதியவர்கள் எத்தனை பேர்? அறுபது பேர். நிஜத் தேர்வில் எத்தனை பேர்? இருபது லட்சத்துக்கும் மேல். கேள்வித்தாள் தயாரித்தது யார்? பாடம் நடத்திய அதே ஆசிரியர்கள். மூன்று மணி நேரமும் ஒரே மூச்சில் எழுதினாளா? சில நாள் பகுதி பகுதியாக. இதையெல்லாம் அவள் திறமையைக் குறைத்துச் சொல்லக் கேட்கவில்லை. நல்ல குதிரைதான். ஆனால் வேறு எதற்கும் விண்ணப்பிக்காமல் இருப்பது என்பது, நூற்றுக்கு நாற்பதுக்கு மொத்தச் சீட்டுப் பணத்தையும் வைப்பது. ஒரு விண்ணப்பக் கட்டணம் மிச்சமாவதற்காக ஒரு வருடத்தை மேஜையில் வைப்பது.

எங்கள் பேச்சை அவள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "அப்பா, நான் அக்ரிக்கும் இன்ஜினீயரிங்குக்கும் போடறேன். போட்டா எனக்குப் பயம் குறையும், கவனம் சிதறாது" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. விண்ணப்பங்களைப் போட்டாள். தேர்வும் எழுதினாள். முடிவும் வந்துவிட்டது.

அந்த முடிவு என்ன என்று கேட்பீர்கள். சொல்லப்போவதில்லை. சொன்னால், அதை வைத்தே நாங்கள் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். அண்ணாச்சி செய்த மாதிரி.